நான் வாசிக்காமல் விட்ட இரண்டாம் ஓலை

போன வருடம் ஈஸ்டர் முடிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அன்று காலைப் பூசை முடிகிற நேரம், மாதா கோயிலில் மைக் முன்னால் நின்ற நான், வாசிக்க வேண்டிய ஒரு தாளை வாசிக்காமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்கே ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிறந்த ஊர் வடுகபட்டி. வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம். எங்கள் தெருவில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கியது நான்தான். புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகத் தொட்டுப் பார்த்து, அதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர் வேலை என் தலையில் வந்து விழுந்தது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நானே கேட்டு வாங்கிக்கொண்டதுதான்.

எங்கள் கோயிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. தொட்டால் ஓரம் பொடியாகிற தாள்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார்கள் லத்தீனில், கொக்கி கொக்கியாக எழுதி வைத்தவை. யாராவது சான்றிதழ் கேட்டு வந்தால் ஒரு பெயரைத் தேடுவதற்குள் அரை நாள் போய்விடும். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் இங்கே மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "தாராளமா டைப் பண்ணுங்க டீச்சர்" என்றார்.

அப்போதுதான் என் லேப்டாப்பில் ஒரு ஏஐ உதவியாளரை இறக்கி வைத்திருந்தேன். பிரவுசரில் போய்க் கேள்வி கேட்பது போல இல்லை, இது கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எக்ஸ்டென்ஷன் என்று சின்னச் சின்னதாகச் சேர்த்துக்கொண்டால் அதற்குக் கை கால் முளைத்த மாதிரி. ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டால் நாம் காட்டுகிற ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தானே படித்துக்கொள்ளும். இன்னொன்றைப் போட்டால் படித்ததை அட்டவணையாக அடுக்கிக் கொடுக்கும். நான் பதிவேட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டேன். அது லத்தீனைப் படித்துத் தமிழில் தந்தது. நான் பக்கத்தில் பதிவேட்டை வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் "இந்த ஃபோல்டரைப் படிக்கலாமா?" என்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளே எரிச்சல் வந்து, "எப்போதும் அனுமதி" என்பதை அமுக்கிவிட்டேன். அதற்கு மேலே நாலு வரி ஏதோ எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

டைப் பண்ணத்தான் சாமியார் அனுமதி கொடுத்தார், ஊர்க் குடும்பங்களின் பதிவேட்டை இப்படி ஒரு செயலிக்குத் திறந்துவிடலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றக்கூட இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓலை என்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று ஊரறிய வாசிப்பார்கள். இவர்களுக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குத்தந்தையிடம், அதாவது பங்குச் சாமியாரிடம், சொல்ல வேண்டும் என்று முடியும். மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் அதே மூன்று வாரம் வாசிப்பார்கள். எங்கள் கோயிலில் அறிவிப்புகளோடு ஓலை வாசிப்பதும் செயலாளர் வேலை.

அந்த வருடம் முதல் கல்யாணம், என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணுக்கு. நர்சிங் முடித்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தேனிக்காரர். ஆனால் அவருடைய தாத்தா எங்கள் ஊர்தான். பிழைப்புக்காக மேகமலை ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போனவர். பிள்ளைகள் தலையெடுத்ததும் குடும்பம் தேனியில் குடியேறிவிட்டது. முதல் ஓலையை நானே வாசித்தேன். பெண்ணின் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, பெயர் வந்ததும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மதியம், சும்மா இருக்க மாட்டாமல் அந்த உதவியாளரிடம் இரண்டு பேருடைய தாத்தா பெயரையும் கொடுத்து ஒரு கேள்வி போட்டேன். இந்தப் பெண்ணின் குடும்பமும் இந்த மாப்பிள்ளையின் குடும்பமும் பதிவேட்டில் எங்கேயாவது சேர்கின்றனவா? மறுநாள் நாலு பேரிடம் காட்டி வாயைப் பிளக்க வைக்கலாம் என்பதுதான் என் எண்ணம். அது ஒரு நிமிடம் ஃபோல்டரைத் துழாவிவிட்டு, அழகாக ஒரு குடும்ப மரம் வரைந்து கொடுத்தது. பெண்ணின் அப்பா வழித் தாத்தாவும் மாப்பிள்ளையின் அப்பா வழித் தாத்தாவும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள்.

இரண்டு தாத்தாக்களும் அண்ணன் தம்பி என்றால், இவர்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். அண்ணன் தங்கை முறை. சபைச் சட்டத்தில் இவ்வளவு தூரத்து உறவுக்குத் தடை கிடையாது. ஆனால் முறை தப்பிய கல்யாணத்தை எங்கள் ஊர் ஏற்றுக்கொள்ளாது. எஸ்டேட்டுக்குப் போனதில் உறவு விட்டுப்போய், ஊரே மறந்துபோன ஒரு விஷயத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பயம் பாதி என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையும் பாதி இருந்தது.

பங்குச் சாமியார் வருடாந்திரத் தியானத்துக்குப் போயிருந்தார். போனை அணைத்து வைத்துவிடுவார்கள், வியாழக்கிழமைதான் வருவார். ஞாயிறு பூசைக்கு மட்டும் பக்கத்துப் பங்கிலிருந்து வேறு சாமியார் வருவதாக ஏற்பாடு. அடுத்த அறையில் என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் போட்டுப் படுத்திருந்தார். அவரிடம் கூட நான் வாயைத் திறக்கவில்லை. கோயில் ரகசியம், பங்குத்தந்தை வருகிற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது, ஒரு வாரம் ஓலையை நிறுத்தி வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அதைத்தான் செய்தேன். ஜெபக்கூட்டம் எங்கே, தண்ணீர்த் தொட்டி கழுவுகிற முறை யாருக்கு என்று எல்லாம் வாசித்தேன். ஓலைத் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்தேன். பெண்ணின் அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பூசை முடிந்ததும் பக்கவாட்டு வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதே நேரம் தேனியில் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலில் இரண்டாம் ஓலையை வாசித்திருக்கிறார்கள். அங்கே வாசித்தாயிற்று, இங்கே வாசிக்கவில்லை என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? மதியச் சாப்பாட்டுக்குள் யாரோ பெண்ணைப் பற்றி மொட்டைக் கடிதாசி போட்டிருப்பதாகப் பேச்சு கிளம்பிவிட்டது. சாயந்தரம் அந்தக் கடிதாசிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகச் சொல்கிற அளவுக்கு அது வளர்ந்திருந்தது. மதுரையில் தனியாகத் தங்கி வேலை பார்க்கிற பெண். மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை. இரவுக்குள் பெண் வீட்டுக்குத் தேனியிலிருந்து போன் வந்துவிட்டதாம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவும் மகளும் வாசலில் நின்றார்கள். அம்மாவுக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"டீச்சரு, எம்மக மேல யாரு என்ன எழுதிக் குடுத்தாக? சொல்லிருங்க. தெரிஞ்சாத்தான எங்களுக்கு மூச்சு வரும்."

"யாரும் எழுதிக் குடுக்கலக்கா" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு நிறுத்துனீக? தேனியில இருந்து கேக்குறாக. நான் என்னன்னு பதில் சொல்ல?"

அந்தப் பெண் அழவில்லை. "எம்மேல தப்பு இருந்தா என்கிட்ட கேட்ருக்கலாம்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

இனி மறைத்துப் பயனில்லை என்று இருவரையும் உட்கார வைத்து, லேப்டாப்பைத் திறந்து அந்தக் குடும்ப மரத்தைக் காட்டினேன். குரலைத் தாழ்த்தி, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் விளக்கினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அம்மா ஒன்றும் புரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து அட்டவணையைப் படித்தாள். பிறகு திரையில் விரலை வைத்தாள்.

"டீச்சர், எங்க தாத்தா பொறந்தது ஜனவரி மாசம். அவுக தாத்தா அதே வருசம் மே மாசம். இங்கனயே போட்ருக்கு. ஒரே ஆத்தா நாலு மாசத்துல ரெண்டு பிள்ள எப்பிடிப் பெத்தாக?"

நான் பார்த்தேன். அவள் விரல் வைத்த இடத்தில் இரண்டு தேதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

அவள் அதோடு விடவில்லை, திரையைக் கீழே தள்ளினாள். மரத்துக்கு அடியில், நான் போகாத இடத்தில், அந்த உதவியாளர் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தது. இரு குடும்பத்திலும் தாய் தகப்பன் பெயர்கள் ஒன்றாக இருப்பதால் ஒரே குடும்பம் என்று வைத்துக்கொண்டதாகவும், இது ஊகம்தான் என்றும், இந்தப் பதிவேட்டில் ஒரே பெயர் பலருக்கு இருப்பதாகவும், பிறந்த தேதிகளின் இடைவெளி பொருந்தவில்லை என்பதால் ஊரில் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளும்படியும் எழுதியிருந்தது. சனிக்கிழமை மதியமே அதைச் சொல்லிவிட்டது. நான்தான் படத்தைப் பார்த்ததும் கீழே போகவில்லை.

பெயர்கள் ஒன்றாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்தோணி, மீதிப் பேர் சவரிமுத்து. பெண்கள் என்றால் மரியம்மாள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், அந்தப் பேரன் பெயரை அவன் பேரனுக்கு. ஊருக்குள் ஆளை அடையாளம் சொல்வது வீட்டுப் பெயரை வைத்துத்தான். வெள்ளைக்காரச் சாமியார்களுக்கு வீட்டுப் பெயர் எதற்கு? அதை அவர்கள் எழுதவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்திலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"இதுக்குப் போயா ஓலைய நிறுத்துன? இவுக கேணிக்கார வீடு, அவுக மச்சு வீடு. மாமன் மச்சான் முறை. அந்தக் காலத்துலயே பொண்ணு குடுத்து எடுத்தவுக. ஊர்ல நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். நான் பக்கத்து ரூம்லதான படுத்திருந்தேன்? எழுப்பி ஒரு வார்த்த கேட்ருக்கக் கூடாது?"

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். தேனிக்கு நாளைக்கே போய் நானே விளக்கிவிடுகிறேன் என்றேன். அம்மா தலையாட்டினார். மகள் எழுந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"அவுககிட்ட மட்டும் சொன்னா பத்தாது டீச்சர். கோயில்ல வச்சு நிறுத்துனீக. கோயில்ல வச்சே சொல்லணும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினேன். இரண்டு பதிவுகளையும் நகல் எடுத்துக் கையில் வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், தாளை வாங்கிப் பார்க்கவில்லை.

"ஓலை நிக்கிதுன்னா சும்மாவா நிக்கும்னு எங்க சொந்தத்துல கேக்குறாக. மதுரையில போயி விசாரிங்கன்னு சொல்றாக. எம்மகன் அதெல்லாம் வேணாம்னு நிக்கிறான். நான் நடுவுல கெடந்து முழிக்கிறேன். நீங்க எனக்கு இந்தத் தாளக் காட்டுறீக. அவுகளுக்கெல்லாம் யாரு காட்டுவா?"

"என்ன செஞ்சா சரியாகும்னு நெனக்கிறீகம்மா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம நாங்க அங்கன வாரோம். என்ன வாசிக்கிறாகன்னு கேட்டுட்டு அப்புறம் பேசுவோம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த நகல்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதிவேடு சரி, தேதி சரி, முறை சரி. அப்படியும் அந்தக் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை நான் பேசப்போகும் பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாமியார் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தடை இருந்தா பங்குத்தந்தைகிட்ட சொல்லணும்னுதான ஓலையில இருக்கு டீச்சர்? நீங்க உங்ககிட்டயே சொல்லி, நீங்களே தீர்ப்பும் சொல்லிட்டீங்களே" என்றார். பதிவேட்டைச் செயலிக்குத் திறந்துவிட்டதைப் பற்றியும் கேட்டார். கடைசியில் மனம் இரங்கினாரோ என்னவோ, "நிர்வாகக் காரணத்தால போன வாரம் விட்டுப்போச்சுன்னு நானே ஒரு வரி சொல்லிடுறேன். போதும்ல?" என்று கேட்டார்.

ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஒரு வரியில் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் உள்ளுக்குள் மொட்டைக் கடிதாசியைத்தான் நினைத்துக்கொள்வார்கள். "இல்ல சாமி, நானே சொல்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. பெருநாளுக்குக் கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வந்து நடுவில் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணும் அவள் அம்மாவும் வழக்கமான இடத்தில். மைக்கைப் பிடித்ததும் எனக்கு முதலில் வாயில் வந்தது, கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லிவிட்டது என்பதுதான். அப்படிச் சொல்லியிருந்தால் ஊர் ஒத்துக்கொண்டிருக்கும். இந்த மிஷின்களே இப்படித்தான் என்று இரண்டு பேர் எனக்காகப் பரிதாபமும் பட்டிருப்பார்கள். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திரையைக் கடைசி வரி வரைக்கும் படித்தவள் அவள்.

"போன ஞாயிறு இரண்டாம் ஓலையை வாசிக்காமல் நிறுத்தியது நான். யாரும் கடிதம் எழுதவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. பெண் மீதும் குறை இல்லை, மாப்பிள்ளை வீட்டார் மீதும் குறை இல்லை. பழைய பதிவேட்டில் ஒரே பெயர் இரண்டு முறை வந்ததைப் பார்த்து, இரண்டு குடும்பமும் பங்காளிகள் என்று நானாக முடிவு செய்தேன். ஊரில் விசாரித்துக்கொள்ளும்படிதான் கம்ப்யூட்டர் என்னிடம் சொன்னது. நான் முழுதாகப் படிக்கவில்லை. இந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. இந்த இரண்டு குடும்பத்தாரிடமும் உங்கள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் ஓலையை விரித்து, பெயர்களை ஒன்று விடாமல் வாசித்தேன். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கடைசி வரியில், பங்குத்தந்தையிடம் என்ற சொல்லை அழுத்தி வாசித்தேன்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். நான் தூண் ஓரமாக நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அந்தப் பெண்ணிடம் போனார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தோளில் கைபோட்டு, "சாப்ட்டியாத்தா?" என்று கேட்டார். ஒரு வாரமாக அழாத அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், யாருக்கும் தெரியாமல்.

மே மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் வீட்டுக்கும் பத்திரிகை கொண்டுவந்து வைத்தார்கள். பெண்ணின் அம்மா இப்போது வழியில் பார்த்தால் பேசுகிறார், பழைய சிரிப்பு மட்டும் இன்னும் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது. பதிவேட்டு வேலையைச் சாமியாரின் சம்மதத்தோடு மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். வீட்டுப் பெயருக்கென்று அட்டவணையில் ஒரு தனிக் கட்டம் சேர்த்து, வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்புகிறேன். "எப்போதும் அனுமதி"யை எடுத்தாயிற்று. செயலி ஒவ்வொரு முறையும் கேட்கிறது, நானும் வாசித்துவிட்டுத்தான் அமுக்குகிறேன். என் வீட்டுக்காரர் இப்போதும் படுக்கப் போகும் முன், "ஏதாச்சும் கேக்கணும்னா எழுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

போன மாதம் தேனியிலிருந்து வருகிற பஸ்ஸில் பக்கத்து ஊர் அம்மா ஒருவர் என் அருகில் உட்கார்ந்தார். நான் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், குரலைத் தாழ்த்தி, "ஒங்க ஊர்ல ஒரு நர்சுப் பிள்ளைக்கு ஓலை நின்னுச்சாமே, உள்ளபடி என்ன வெசயம்?" என்று கேட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்த டீச்சர் நான்தான் என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். சின்னமனூரில் இறங்கும்போது, "அப்பிடியா, எங்களுக்கு வேற மாதிரில்ல சொன்னாக" என்றார்.

ஒரு தாளை நான் மடித்து வைக்க ஆனது அரை நிமிடம், அதில் கிளம்பிய பேச்சு அந்தப் பெண்ணின் பெயரோடு எத்தனை ஊருக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அவளுக்காக இதை முதலிலிருந்து முழுவதுமாகச் சொல்வது என் மீதிக் காலத்துக் கடமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.